கார்பன் கிரெடிட்: கடனா, வரவா?

பல்லடம் பக்கத்தில் விவசாயிகளுக்கான ஒரு கூட்டம். வாசலில் கொடுத்த துண்டறிக்கையில் 'மரம் நடுங்கள், கரிமக் கடன் பெறுங்கள்' என்று அச்சடித்திருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இதுக்கு வட்டி எத்தனைங்க?"

அவர் கேட்டதில் பிழையில்லை. கடன் என்றால் வட்டி உண்டு, திருப்பிக் கட்டவும் வேண்டும். பிழை சொல்லில்தான். ஆங்கிலத்தில் அது 'கார்பன் கிரெடிட்'. புகையைக் குறைத்தவருக்கோ, மரம் நட்டு அதை உறிஞ்சவைத்தவருக்கோ கிடைக்கும் சான்று அது. புகைவிடும் வேறொருவருக்கு அதை விற்கலாம். அந்தக் கிரெடிட்டைத்தான் துண்டறிக்கையில் கடன் ஆக்கிவிட்டார்கள்.

முதல் பாதி எளிது. லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. கார்பன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. காங்கயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டு எடுக்கும் தொட்டிக்கரியில் பெரும்பகுதி அதுதான். நம் பாடநூல்கள் கரியிலிருந்தே 'கரிமம்' என்று பெயர் வைத்துக்கொண்டன. ஆனால் இந்தச் சந்தையில் கரிமம் என்பது கரியமில வாயுவைக் குறிக்கிறது. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு, அல்லது அதே அளவு வெப்பமூட்டும் மீத்தேன் போன்ற வேறு வாயு.

கிரெடிட்டுக்கு வேர் 'கிரெடெரே', நம்புதல். நம்பிக் கொடுத்த பணம் கடன். கணக்கேட்டில் நம் பெயருக்கு ஏறிய தொகை வரவு. நம் வணிகர்கள் காலங்காலமாக எழுதும் 'பற்று வரவு' அதுவே. இங்கே பொருந்துவது இரண்டாவது பொருள். ஆகவே கரிம வரவு.

நம்பிக்கை என்ற வேர்ப்பொருளும் இங்கே வீண்போகவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கம் நட்ட காத்தாடிகளைப் பாருங்கள். ஆயிரம் யூனிட்டை நிலக்கரியில் எடுத்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு வெளியேறும். காத்தாடி ஓடினால் அது வெளியேறாது. வெளியேறாத அந்த வாயுவுக்குத்தான் வரவு. புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த 1997இல் உலக நாடுகளிடையே உருவான கியோட்டோ உடன்படிக்கை இதற்கு வழி திறந்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவும் தங்கள் காத்தாடிகளை ஒன்றாகத் தொகுத்துப் பதிவு செய்தன. ஆனால் இல்லாத புகையை எடைபோட முடியாது, கணக்கை நம்பத்தான் வேண்டும். 'கிரெடிட் வருமானம் இல்லையென்றாலும் இந்தக் காத்தாடி வந்திருக்குமா?' என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். எப்படியும் வந்திருக்கும் என்றால் அந்த வரவு பொய்க்கணக்கு. அதை வாங்கியவர் அதைக் காட்டித் தன் இடத்தில் கூடுதலாகப் புகைவிட, வானத்தில் வாயு ஏறத்தான் செய்யும். 2012 முடிவில் கியோட்டோ வழி வந்த வரவுகளின் விலை டன்னுக்கு ஒரு யூரோவுக்கும் கீழே போனது.

ஐரோப்பா 2005இல் தொடங்கிய முறை வேறு. அரசு மொத்தப் புகைக்கு உச்சவரம்பு கட்டி, அதற்குள் புகைவிடும் உரிமங்களைப் பங்கிடும். உரிமத்தை மிச்சப்படுத்தியவர், தன் உரிமத்துக்கு மேல் புகைவிட்டவருக்கு விற்கலாம். இதற்கு உமிழ்வு வணிகம் என்பது சரியான பெயர். உமிழ்தல் உள்ளே இருப்பதை வெளியே விடுவது. பழம்பாட்டில் நாகம் மணியை உமிழும், இங்கே புகைபோக்கி உமிழ்கிறது.

இந்தியா 2023இல் கொண்டுவந்த திட்டத்தில் மொத்த வரம்பு இல்லை. ஒரு டன் பொருளுக்கு எத்தனை உமிழ்வு என்று இலக்கு வைக்கிறார்கள். அதற்கும் கீழே இறங்கிய ஆலைக்குக் கார்பன் கிரெடிட் சான்றிதழ் கிடைக்கும். திட்டத்துக்குள் வரும் துறைகளில் ஜவுளியும் உண்டு. நம் ஆலைகளுக்கு அந்தக் காகிதம் தமிழில் வரும்போது, தலைப்பில் 'கரிம வரவுச் சான்றிதழ்' என்று இருக்கட்டும்.