பத்துத் தொகுதி வாங்கும் முன் ஒரு தொகையீடு

இந்தப் பருவத்தில் இவர் மூன்றாவது மாணவர். சோவியத் இயற்பியலாளர்கள் லாண்டாவ், லிஃப்ஷிட்ஸ் பெயரில் வரும் கோட்பாட்டு இயற்பியல் பாடநூல் வரிசையின் பத்துத் தொகுதிகளையும் வாங்கிவிட்டாராம். "ஐயா, நான் லாண்டாவ் முறையில் படிக்கிறேன்" என்றார். 'செயல்' என்ற அளவு சிறுமமாகும் பாதையில்தான் பொருள் நகரும் என்னும் சிறுமச் செயல் தத்துவம் முதலில் வந்து, நியூட்டன் சமன்பாடு பிறகு அதிலிருந்து பிறப்பதை அழகாகவே சொன்னார். சரி என்று ஒரு தாளை நீட்டினேன்: ஒன்றை, எக்ஸின் நான்காம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டி வரும் கோவையால் வகுத்துத் தொகையிடுங்கள். பத்து நிமிடம் பேனா மூடிதான் திறந்து மூடியது. "இதைக் கணினியே செய்துவிடாதா, ஐயா?"

இரண்டு இருபடிக் காரணிகளாக உடைத்தால் பகுதிப் பின்னங்களில் முடிந்துவிடும் கணக்கு, தம்பி!

லாண்டாவ் மேதை, மேதைக்கு உள்ளுணர்வு போதும், ஆகவே நமக்கும் கணக்கு வேண்டாம் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆனால் தம்மிடம் கோட்பாட்டு இயற்பியல் படிக்க வருவோருக்காக 1930களில் உக்ரைனின் கார்கிவில் அவர் தொடங்கிய 'கோட்பாட்டுக் குறைந்தபட்சம்' என்ற தேர்வு வரிசையின் முதல் வாசலே கணிதம். யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைத்துத் தேர்வு கேட்கலாம். அவர் வீட்டிலேயே கணக்கைக் கொடுத்து உட்காரவைப்பார். தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, திசையன், டென்சர் எல்லாம் கைக்கணக்காக வரவேண்டும். தீர்வு உண்டு என நிறுவும் தேற்றங்களை அவர் கேட்கவில்லை என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு 'லாண்டாவே கணிதத்தை ஒதுக்கினார்' என்கிறார்கள். அவர் ஒதுக்கியது நிரூபணத்தை. கணக்குப் போடுவதை அல்ல, அல்லவே அல்ல! 1961 வரை தேறியவர்கள் என்று அவர் குறித்துவைத்த பட்டியலில் இருப்பவர்கள் 43 பேர். பெயர்தான் குறைந்தபட்சம்.

பத்தையும் அவரே எழுதினார் என்பதும் தவறு. எழுதுவது அவருக்குப் பிடிக்காது. எழுதிய கை லிஃப்ஷிட்ஸுடையது. 1962 ஜனவரி கார் விபத்துக்குப் பிறகு லாண்டாவால் ஆய்வுக்குத் திரும்ப முடியவில்லை. கடைசி இரண்டு தொகுதிகள் லிஃப்ஷிட்ஸும் இன்னொரு சோவியத் இயற்பியலாளரான பிட்டாயெவ்ஸ்கியும் எழுதியவை.

எனவே முதல் தொகுதியை மட்டும் மேசையில் வையுங்கள். கணக்குகளுக்குக் கீழேயே விடை அச்சாகியிருக்கும். ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு தொகையீடு, கையால். சிக்கினால் கணினியிடம் ஓடாதீர்கள், ஓர் இரவு சிக்கியே கிடங்கள். போட்டதை நண்பரிடம் கரும்பலகையில் விளக்குங்கள். மாஸ்கோவில் வியாழக்கிழமைக் கருத்தரங்கில் லாண்டாவ் இடைமறித்ததுபோல் அவர் இடைமறிக்கட்டும்.

மீதி ஒன்பதும் பெட்டியிலேயே இருக்கட்டும். விற்பதானால் இரண்டாம் தொகுதிக்கு எனக்குச் சொல்லியனுப்புங்கள். என்னுடையதை வாங்கிப்போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.