மோதும் கேலக்ஸிகளை ஓரக்கண்ணால் பார்ப்பது எப்படி?

சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனி நட்சத்திரத்துக்குத் தென்மேற்கே, சுமார் மூன்றரை பாகை தள்ளி எம்51 என்ற கேலக்ஸி இருக்கிறது. படங்களில் அதன் சுருள் கைகள் நீலமாக மின்னும், ஒரு கையின் நுனியில் சிறிய துணை கேலக்ஸி ஒட்டிக்கொண்டிருக்கும். அதையே 8 அங்குல டெலஸ்கோப்பில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இரண்டு திட்டுகள், அவ்வளவுதான். டெலஸ்கோப் போதவில்லை என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பழகிய கண்ணுக்கு அதே கருவி இன்னும் நிறையக் காட்டும்.

விழித்திரையின் நடுக்குழியில் கூம்பு செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. நிறமும் நுணுக்கமும் அவற்றால்தான் தெரிகின்றன. ஆனால் இவ்வளவு மங்கலான ஒளி அவற்றுக்கு உறைக்காது. அதை உணர்பவை குச்சி செல்கள். நடுக்குழியின் மையத்தில் அவை கிடையாது. 15 முதல் 20 பாகை விலகிய இடத்தில்தான் மிக அடர்த்தியாக இருக்கின்றன. அதனால் நேராக முறைத்தால் கேலக்ஸி மறைகிறது, சற்றுத் தள்ளிப் பார்த்தால் தோன்றுகிறது. எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு கண்ணுக்கும் காதுப் பக்கமாக ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, கேலக்ஸி அதில் விழக்கூடாது. வலது கண்ணால் பார்ப்பவர் கேலக்ஸிக்குக் கொஞ்சம் வலப்பக்கம் பார்வையை வைக்கவேண்டும்.

குச்சி செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் போச்சு, மறுபடி காத்திருக்க வேண்டும். அப்புறம், டெலஸ்கோப் குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். அசையாமல் நிற்கும்போது புலப்படாத மங்கல், அசைந்ததும் சட்டென்று கண்ணில் படும்.

மங்கலான பொருளுக்குக் குறைந்த உருப்பெருக்கமே நல்லது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கேலக்ஸியின் பரப்பு மங்குவது உண்மைதான், ஆனால் வானப் பின்னணியும் அதே அளவு மங்குகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. மங்கலான ஒன்று பெரிதாக விரியும்போது அதிகமான குச்சி செல்கள் சேர்ந்து அதைப் பிடிக்கின்றன. 200 மி.மீ. டெலஸ்கோப்பில் 100 மடங்கு வைத்தால், கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை 2 மி.மீ. அகலம் இருக்கும். பெரும்பாலான கேலக்ஸிகளுக்கு அது பொருத்தம். நகர வெளிச்சத்துக்கு மட்டும் இதில் மருந்து இல்லை, அந்த விகிதத்தையே அது கெடுத்துவிடுகிறது.

எம்51-ஐ பிரெஞ்சு வானியலாளர் மெசியர் கண்டது 1773-இல். துணை கேலக்ஸியை அவரது சகா மெஷேன் 1781-இல் பார்த்தார். சுருளைக் காண 1845-இல் ரோஸ் பிரபுவின் 72 அங்குலக் கருவி தேவைப்பட்டது. இன்று நல்ல இருட்டில் 10, 12 அங்குலக் கருவியிலேயே கைகளின் சாயலைப் பிடிக்கலாம். எதைத் தேடுகிறோம் என்று நமக்கு முன்பே தெரியும் அல்லவா!

அதற்கு அடுத்ததாக நான் சொல்வது காகம் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஆன்டெனா ஜோடி. என்ஜிசி என்ற வான்பொருள் பட்டியலில் 4038, 4039 என்ற எண்கள் கொண்ட, மோதிக்கொள்ளும் இரண்டு கேலக்ஸிகள் இவை. படங்களில் இவற்றிலிருந்து இரண்டு நீண்ட வால்கள் வளைந்து செல்லும். அவை உருவாக ஈர்ப்பு மட்டுமே போதும் என்பதை வானியலாளர்களான டூம்ரே சகோதரர்கள் 1972-இல் கணினிக் கணக்கில் காட்டினார்கள். ஒரு கேலக்ஸி நெருங்கும்போது மற்றதன் அருகுப் பக்கத்தைப் பலமாகவும் தூரப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. அந்த வித்தியாசத்தில் கேலக்ஸியின் தட்டையான உடல், அதாவது தட்டு, நீள்கிறது. ஏற்கெனவே சுழலும் தட்டு என்பதால் விளிம்பு நட்சத்திரங்கள் வளைவாக வீசப்படுகின்றன. நட்சத்திரங்களுக்கு நடுவே இடைவெளி மிகப் பெரிது, அவை ஒன்றோடொன்று முட்டுவது அநேகமாக இல்லை. வாயு மேகங்கள்தான் மோதி, புது நட்சத்திரங்களைப் பிறப்பிக்கின்றன.

வால்கள் சிறிய டெலஸ்கோப்புக்கு எட்டாது. ஆனால் 10 அங்குலக் கருவியில், 150 மடங்கில், இரண்டு உடல்களும் ஒரு முனையில் சேர்ந்திருப்பதும் நடுவில் இருண்ட பிளவு ஒன்று ஓடுவதும் தெரியும். வடக்கே இருக்கும் 4038-இல் கொஞ்ச நேரம் ஓரப்பார்வையை நிறுத்துங்கள். அங்கே ஒளி சீராக இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். புது நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறந்துகொண்டிருக்கும் இடங்கள் அவை.