ஓ வகையிலும் சேராத ரத்தம்

பம்பாயில் இரண்டு நோயாளிகள். ஒருவர் ரயில் விபத்தில் அடிபட்டவர், இன்னொருவர் கத்திக்குத்துப் பட்டவர். இருவருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அவர்களுடைய சிவப்பணுக்களைச் சோதித்தால் ஓ வகை போலத் தெரிந்தது. ஆனால் ஓ வகைக்காரர்களின் ரத்தத்தை இந்த நோயாளிகளின் சீரத்தோடு, அதாவது அணுக்கள் நீக்கிய ரத்த நீரோடு, கலந்து பார்த்தபோது திரிதிரியாகத் திரண்டுவிட்டது. ஏ, பி, ஏபி என்று எதை வைத்துப் பார்த்தாலும் அதே கதைதான். 160 பேருக்கும் மேல் சோதித்துப் பார்த்த பிறகே ஒத்துப்போகும் ரத்தம் உள்ள ஒருவர் கிடைத்தார். அவரும் பம்பாய்வாசி.

1952இல் பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகிய பம்பாய் மருத்துவர்கள், லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்த விவரத்தை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அந்த ரத்தத்துக்கு ஊர் பெயரே நிலைத்துவிட்டது. ஊர் மும்பையாகிப் பல வருடம் ஆன பிறகும், ரத்த வங்கிக்காரர்கள் இன்றும் ‘பாம்பே குரூப்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஓ வகை ரத்தத்தை எல்லோருக்கும் ஏற்றலாம் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அதில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, ஒன்றுமே இல்லாததை உடம்பு எப்படி எதிர்க்கும் என்பது அதற்கான விளக்கம். இந்த இரண்டு நோயாளிகளின் உடம்பு மட்டும் ஓ ரத்தத்தையும் எதிர்த்தது. அப்படியானால் ஓ ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. நம் எல்லோரிடமும் இருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. இல்லாத இருவர் வந்தபோதுதான் அதன் முக்கியத்துவம் புரிந்தது.

அந்த ‘ஏதோ ஒன்று’ ஒரு சர்க்கரைத் துண்டு. சிவப்பணுவின் மேற்பரப்பு வழுவழுவென்று இருப்பதில்லை. சின்னச் சின்னச் சர்க்கரைச் சங்கிலிகள் அதன் மேல் லட்சக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சங்கிலியின் நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை ஒரு நொதி ஒட்டவைக்கிறது. ஃபியூகோஸ் ஒட்டிய நுனிக்கு எச் என்று பெயர். ஓ வகைக்காரர்களுக்கு வேலை இத்தோடு முடிந்தது. ஏ வகைக்காரர்களிடம் இன்னொரு நொதி வந்து, எச்சின் மேல் அசிட்டைல்கேலக்டோசமைன் என்ற சர்க்கரையைச் சேர்க்கிறது. பி வகைக்காரர்களிடம் அதே இடத்தில் கேலக்டோஸ் சேர்கிறது. ஏபி என்றால் இரண்டு நொதிகளும் உண்டு, அதனால் இரண்டு விதமான நுனிகளும் இருக்கும். ரத்த வகைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு சர்க்கரைதான்! அதற்குத்தான் உயிர் காக்கவோ கொல்லவோ முடிகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

பாம்பே வகைக்காரர்களிடம் அந்த முதல் படியே நடப்பதில்லை. ஃபியூகோஸ் ஒட்டுவதில்லை, எனவே எச் இல்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்? எச் இல்லாத சங்கிலியை ஏ நொதியாலோ பி நொதியாலோ ஒன்றும் செய்ய முடியாது. அவர்களுடைய உடம்பில் ஏ மரபணு நல்ல நிலையில் இருக்கலாம், நொதி கூடச் சரியாக உற்பத்தியாகலாம். ஆனால் அதற்குச் செய்ய வேலை இல்லை. சிவப்பணு வெளியே பார்க்க ஓ மாதிரியே இருக்கும்.

சரி, எச் இல்லாவிட்டால் என்ன ஆகிறது? அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் ஆவதில்லை. இவர்கள் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். இது நோய் அல்ல, ஒரு குணம்தான். பிரச்சினை ரத்தம் ஏற்றும்போது மட்டும் வருகிறது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் இதே மாதிரிச் சர்க்கரைகள் இருக்கின்றன. குழந்தை பிறந்த சில மாதங்களில், தன்னிடம் இல்லாத சர்க்கரைகளுக்கு எதிராக அதன் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்குகிறது. ஓ வகைக் குழந்தை ஏ-க்கும் பி-க்கும் எதிராகத் தயாரிக்கும், எச்சை மட்டும் தன்னுடையது என்று விட்டுவிடும். பாம்பே வகைக் குழந்தை மூன்றுக்கும் எதிராகத் தயாரிக்கும். இந்த எச் எதிர்ப்பொருள் உடல் வெப்பத்திலேயே தீவிரமாக வேலை செய்யக்கூடியது. ஓ ரத்தத்தை ஏற்றினால், வந்து சேரும் சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்து போகும். உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் கொட்டி, சிறுநீர் கருஞ்சிவப்பாகும், சிறுநீரகம் பழுதாகலாம், உயிரே போகலாம்.

இப்போது சோதனையைப் பார்ப்போம். கல்லூரி ரத்த தான முகாமில் நீலத் துளியும் மஞ்சள் துளியும் வைத்துச் சோதிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீலம் ஏ-யைக் கண்டுபிடிக்கும், மஞ்சள் பி-யைக் கண்டுபிடிக்கும். இரண்டிலும் ரத்தம் திரளாவிட்டால் ஓ என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். பாம்பே வகைக்காரரும் இந்தச் சோதனையில் ஓ என்றே தேறுவார். ஆயுள் முழுக்க அப்படியே நம்பிக்கொண்டும் இருக்கலாம். உண்மையைக் காட்டிக் கொடுப்பது எதிர்த்திசைச் சோதனை: அவருடைய சீரத்தை எடுத்து, ஏற்கெனவே வகை தெரிந்த சிவப்பணுக்களோடு கலப்பது. அதில் ஏ, பி அணுக்களோடு ஓ அணுக்களையும் சேர்த்து வைத்தால்தான் இது பிடிபடும். அதையும் தாண்டி வந்துவிட்டால், ரத்தம் ஏற்றுவதற்கு முன், கொடையாளரின் சிவப்பணுக்களை நோயாளியின் சீரத்தோடு கலந்து பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனைதான் கடைசிக் காவல். அவசரம் என்று கிராஸ்மேட்சைத் தவிர்க்கச் சொல்லி உறவினர்கள் நெருக்கக் கூடாது என்று நான் கெஞ்சிக் கேட்பேன். அந்த முக்கால் மணி நேரத் தாமதத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் உறுதிசெய்ய உதவுவது ஒரு செடி. கோர்ஸ் என்ற ஐரோப்பியப் புதர், உடம்பெல்லாம் முள், மஞ்சள் பூ. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கு வந்து, இன்று அங்கே புல்வெளிகளை ஆக்கிரமித்து நிற்கும் களைச்செடிகளில் அதுவும் ஒன்று. அதன் விதையிலிருந்து எடுக்கும் புரதம் எச் சர்க்கரையை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓ அணுக்களில் அதை விட்டால் உடனே திரளும், பாம்பே அணுக்களில் விட்டால் அசையாது. இப்படிச் சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். நம் சமையலறையிலேயே ஒன்று இருக்கிறது: கொள்ளு. ஏ வகையில் ஏ1 என்ற உட்பிரிவைக் கண்டறிய, 1951இல் கொள்ளின் சாறு பயன்படும் என்று கண்டுபிடித்தார்கள். ரத்த வங்கிகளில் இன்றைக்கும் கொள்ளு லெக்டின் குப்பி உண்டு. கொள்ளு ரசம் வைக்கும்போது இது நினைவுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்.

எச்சை உண்டாக்கும் நொதிக்கான மரபணு எஃப்யூடி1, 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏ, பி மரபணுவோ 9ஆம் குரோமோசோமில். இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைகளுக்குப் போகும். இந்தியாவில் பாம்பே வகைக்காரர்களிடம் வழக்கமாகக் காணப்படும் பிழை, எஃப்யூடி1இன் 725ஆம் எழுத்தில் ஒரே ஒரு மாற்றம். அதனால் நொதியில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் உட்கார்ந்து, நொதி செயலிழந்து போகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் பிள்ளை பாம்பே வகையாகும். ஒன்று மட்டும் வந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது. நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொடுக்கும் நம் ஊர்களில் இதை மறந்துவிட முடியாது. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இந்த வகை என்பார்கள். ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர்.

இதில் குடும்பங்களை உலுக்கும் ஒரு சிக்கலும் உண்டு. அப்பா ஏபி, பிள்ளை ஓ என்று ரிப்போர்ட் வந்தால், பள்ளிப் பாடத்தின்படி அது நடக்கவே முடியாது. ஆனால் பிள்ளை பாம்பே வகை என்றால், அப்பாவின் ஏ அல்லது பி மரபணு உள்ளே இருக்கிறது, வெளியே காட்ட எச் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து, வளர்ந்து, ஓ வகைக் கணவருக்குக் குழந்தை பெற்றால், அந்தக் குழந்தை ஏ-யாகப் பிறக்கலாம். கணவரிடமிருந்து நல்ல எச் மரபணு கிடைத்துவிட்டதால், பாட்டனின் ஏ ஒரு தலைமுறை மறைந்திருந்து வெளியே வருகிறது. விஷயம் தெரியாமல் ஒரு ரத்த வகை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைச் சந்தேகிப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

பாம்பே வகைக்காரருக்குப் பாம்பே வகைக்காரர் மட்டுமே ரத்தம் தர முடியும். ஃபிரிட்ஜில் சிவப்பணுக்கள் ஆறு வாரம் வரைதான் தாங்கும். இத்தனை அரிய வகையை முன்கூட்டியே எடுத்து அடுக்கி வைப்பது கடினம். கிளிசரால் கலந்து உறையவைத்தால் 10 ஆண்டுகள் வரை காக்கலாம், ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால், நோயாளியின் சொந்த ரத்தத்தையே முன்னதாக எடுத்து வைக்கலாம். பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கும் பெண்ணுக்கு ஆரம்ப மாதங்களிலேயே வகை தெரிந்துவிட்டால், கொடையாளரைத் தேட அவகாசம் கிடைக்கும்.

எங்கே தேடுவது என்றால், முதலில் வீட்டுக்குள். பெற்றோர் இருவரிடமும் தலா ஒரு பழுதான பிரதி இருப்பதால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் பாம்பே வகையாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒருவருக்கு இந்த வகை என்று தெரிந்தால் மருத்துவர் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, ‘அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எத்தனை பேர்? அவர்களை வரச் சொல்லுங்கள்.’