மஜ்ஹூல்: செய்தவரைச் சொல்லாத வினை

அரபியில் 'மஜ்ஹூல்' என்றால் அறியப்படாதது. இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் காலத்தைக் குறிக்கும் 'ஜாஹிலிய்யாக் காலம்' என்பதில் வரும் அதே வேர்தான். இலக்கணத்தில் முழுப்பெயர் 'அல்மப்னீ லில்மஜ்ஹூல்', அதாவது அறியப்படாதவருக்கென அமைந்த வினை. தமிழில் இதற்கு நேரான பெயர் செயப்பாட்டு வினை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 'கண்ணனால் எழுதப்பட்டது' என்று நாம் செய்தவரையும் சேர்த்துச் சொல்வோம். செவ்வியல் அரபு மரபில் மஜ்ஹூல் வந்தால் செய்தவர் பேச்சிலேயே வருவதில்லை. அவர் இடத்தில் நிற்கும் செயப்படுபொருளுக்கு 'நாயிபுல் ஃபாயில்', செய்பவரின் பதிலாள், என்று பெயர்.

வடிவம் எளிது: சொல்லின் உயிரொலிகளை மாற்றினால் போதும். 'கதப' எழுதினார், 'குதிப' எழுதப்பட்டது. 'குதிப அலைக்குமுஸ் ஸியாம்' (நோன்பு உங்கள்மீது விதிக்கப்பட்டது) என்ற குர்ஆன் வசனத்தில் (2:183) இருப்பது இதுதான்.

பேச்சு அரபியில் குறில் உயிர்கள் தேய்ந்துபோயின. உயிரை மட்டுமே நம்பியிருந்த இந்த வடிவமும் பெரும்பாலான ஊர்களில் அதோடு போயிற்று. நடு அரேபியாவின் நஜ்து போன்ற அரேபியத் தீபகற்ப வழக்குகள் சிலவற்றில் இன்னும் உயிரோடிருக்கிறது. மற்ற இடங்களில் முன்னொட்டு வந்தது. கெய்ரோவில் 'இத்கதப்', டமாஸ்கஸில் 'இன்கதப்', மொராக்கோவில் 'த்தெக்தெப்'.

'இன்' புதிதல்ல. செவ்வியல் அரபியில் அது 'முதாவஆ', இணங்கல், என்ற பொருளுக்கு உரியது. இலக்கண ஆசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு: 'கஸர்துஹு ஃபன்கஸர', அதை உடைத்தேன், உடைந்தது. பேச்சில் இந்த 'உடைந்தது'தான் 'உடைக்கப்பட்டது' என்ற வேலையையும் ஏற்றுக்கொண்டது. இரண்டில் எது என்பதைப் பேச்சின் சூழல்தான் சொல்லும்.

அதனால் பேச்சு அரபியை மொழிபெயர்க்கையில் எல்லாவற்றுக்கும் 'பட்டது' ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 'செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும்' (செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்வதும்) வழக்குதான் என்று தொல்காப்பியம் ஒப்புகிறது. உரையாசிரியர்கள் 'திண்ணை மெழுகிற்று' என்று காட்டுகிறார்கள். திண்ணை தானாக மெழுகிக்கொள்ளாது, கேட்பவருக்கும் அது தெரியும். 'எல்பாப் இன்ஃபதஹ்' என்று ஒரு டமாஸ்கஸ்காரர் சொன்னால் 'கதவு திறந்தது' என்றே எழுதலாம். ஆள் கை பட்டது முக்கியமென்றால் அவர்களே பன்மையில் 'திறந்தார்கள்' என்று சொல்லிவிடுவார்கள், நாம் 'வண்டியைத் திருடிட்டாங்க' என்பதுபோல. அங்கேயும் 'பட்டது' தேவையில்லை.