ஹெபடைட்டிஸ் என்றால் மஞ்சள் காமாலையா?

ஹெபடைட்டிஸ் கிரேக்க வேர் கொண்ட சொல். 'ஹெபார்' என்றால் கல்லீரல். 'ஐட்டிஸ்' என்ற ஈறு மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும். நேர்த் தமிழ் 'கல்லீரல் அழற்சி'. அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்து வந்தது அழற்சி. சிவந்து, சுட்டு, வீங்கும் திசுவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

பேச்சிலோ இதை மஞ்சள் காமாலை என்றே சொல்லிவிடுகிறோம். காமாலை ('காமலா' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்) நோயன்று, அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும், சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதைந்தாலும் அப்படி ஆகும். மறுபக்கம், கல்லீரல் அழற்சியைத் தரும் பி, சி வகை வைரஸ்கள் கண்ணில் மஞ்சளே காட்டாமல் பல ஆண்டுகள் கல்லீரலைத் தழும்பாக்கி, சிரோசிஸிலோ (கல்லீரல் தழும்பேறி இறுகிவிடும் நிலை) புற்றுநோயிலோ கொண்டுவிடலாம். 'மஞ்சள் இறங்கிவிட்டது' என்று சிகிச்சையை விடுபவர்களை ஏமாற்றுவது இந்தச் சொற்குழப்பம்தான்.

மதுவும் சில மருந்துகளும்கூட கல்லீரல் அழற்சியைத் தரும். அதனால் கிருமியால் வருவதை 'வைரஸ் கல்லீரல் அழற்சி' என்று முழுதாகச் சொல்வதே சரி. ஏ, பி என்ற எழுத்துகள் 1947இல் வந்தன. மூன்றாவதற்கு நெடுங்காலம் 'ஏயும் அல்லாத, பியும் அல்லாத' என்பதே பெயர்; 1989இல் வைரஸ் அடையாளம் காணப்பட்ட பிறகே அது 'சி' ஆனது.

ஏ முதல் இ வரையான வகைகளில் ஏயும் இயும் மலம் கலந்த நீர், உணவு வழியே வருபவை. பெரும்பாலும் தாமே ஆறிவிடும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இ உயிரையே பறிக்கக்கூடும். பி, சி, டி மூன்றும் ரத்தவழித் தொற்றுகள். பி உடலுறவிலும், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். பிறக்கும்போதே தொற்றினால் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நாட்பட்டதாகிறது; பெரியவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான். பி இல்லாமல் டி பெருகாது; ஆகவே அதே ஊசி டியையும் தடுக்கிறது.

சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. மாத்திரைகள் உண்டு: பெரும்பாலும் 8 முதல் 12 வாரம், 95 விழுக்காட்டுக்கு மேல் குணம். சி வகைக்கான எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால், வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்தது என்று மட்டுமே பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதை வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்என்ஏ சோதனைதான் காட்டும்.