பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யும் முன்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ். காரைக்குடியில் இருந்துகொண்டு அதற்கு டிரைவர், அதாவது கம்ப்யூட்டரைக் கருவியோடு பேசவைக்கும் மென்பொருள், எழுதுவது என் தொழிலில் ஒரு பாதி. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் பராமரிப்பது இன்னொரு பாதி. இரண்டையும் செய்வதால் கருவிகள் எப்படிக் குப்பைக்குப் போகின்றன என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். பழுதாகிப் போகிறவை குறைவு. நன்றாக இருக்கும்போதே, அவற்றோடு பேசத் தெரிந்த மென்பொருள் இல்லாமல் போவதால் தூக்கிப் போடப்படுகிறவைதான் அதிகம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ கேட்கிறது. அதனால் ஒரு குறையும் இல்லாத கம்ப்யூட்டர்கள் என் மேசைக்கு வந்தபடி இருக்கின்றன. லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் நன்றாக ஓடுகின்றன. அடுத்த கேள்விதான் கடினமானது: "கம்ப்யூட்டர் சரி தம்பி, பிரிண்டர் வேலை செய்யுமா? தராசு?"

தராசுக் கதையை முதலில் சொல்கிறேன். இங்குள்ள ஒரு நகைக்கடைக்காரர் பில் போட விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கினார். எடை பில்லில் ஏறவில்லை. கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், டிரைவர் சரியில்லை என்று மஞ்சள் முக்கோணம். "தராசையே மாத்தணும்னு சொல்றாங்க" என்று வருத்தப்பட்டார். முத்திரை போட்ட, துல்லியமான தராசு அது. அதன் கேபிளை என் லினக்ஸ் லேப்டாப்பில் செருகினேன். கிராம் கணக்கு வரிவரியாக வந்து விழுந்தது. தராசில் குறையே இல்லை. அது பழைய சீரியல் போர்ட்டில் பேசுகிறது. அதை யூஎஸ்பியாக மாற்றும் சின்ன சிப் ஒன்று கேபிளுக்குள் இருக்கிறது. அந்தச் சிப்பின் பழைய மாதிரிகளைப் புது விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் டிரைவர் அதை இன்றும் ஏற்றுக்கொள்கிறது. கேபிளை மட்டும் மாற்றினோம், தராசு பிழைத்தது.

இது ஒரு கடையின் சிக்கல் மட்டும் இல்லை. 2014 அக்டோபரில், இதே வகைச் சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், தன் சிப்பின் போலிகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணையே பூஜ்ஜியமாக்கியது. செருகிய கேபிள் அதோடு செயலிழந்தது. போலி செய்தவனுக்கு நஷ்டமில்லை. உள்ளே எந்தச் சிப் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் நஷ்டம்.

டிரைவர் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்வது எனக்கு எளிது. அந்தக் காலத்தில் ரங்கூனில் கடை, முதலாளி செட்டிநாட்டில். அங்குள்ள பேச்சும் வாடிக்கையும் கடையை நடத்தும் மேலாளுக்குத்தான் தெரியும். முதலாளி "இவ்வளவு கொடு, இவ்வளவு வாங்கு" என்று எழுதினால் போதும். ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த முதலாளி, கருவி அந்தக் கடை, டிரைவர்தான் மேலாள். முதலாளி மாறினால் பழைய மேலாள் கூட வரமாட்டார். புது முதலாளியின் வழக்கம் தெரிந்த, அந்தக் கடையின் பேச்சும் தெரிந்த வேறொருவரைத் தேட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் உருவாக்க வேண்டும்.

அப்படி உருவாக்கிய ஒரு வேலையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. இரும்புப் பெட்டியில் பர்மாக் காலத்துப் பேரேடுகள். "எங்க ஐயா கொண்டுவிக்கப் போனப்ப எழுதுன கணக்கு" என்றார்கள் அந்த வீட்டு ஆச்சி. கடல் கடந்து தொழில் செய்யப் போவதை இங்கே கொண்டுவிக்கப் போவது என்பார்கள். தாள் ஓரங்கள் பொடிந்துவருகின்றன. பேரன் வெளிநாட்டிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்த ஏ3 ஸ்கேனர் அங்கே இருந்தது. அகலமான பேரேட்டை மடக்காமல் வைக்க அந்த அளவு வேண்டும். மங்கிய மசிக்குச் சீரான வெளிச்சம் வேண்டும், அது செல்போன் கேமராவில் கிடைக்காது. ஆனால் ஸ்கேனர் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடியது. அந்தக் கம்ப்யூட்டரோ நாளுக்கு நாலு முறை நின்றது. டிரைவர் சிடி தொலைந்துவிட்டது. தயாரித்தவர்கள் தளத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் ஸ்கேனர்களுக்கான தொகுப்பு சேன். அதிலும் இந்த ஸ்கேனருக்கு டிரைவர் இல்லை.

அந்த நின்று நின்று ஓடும் கம்ப்யூட்டரைத்தான் நான் முதலில் பத்திரப்படுத்தினேன். ஸ்கேனரின் பேச்சு தெரிந்த கடைசி ஆள் அதற்குள் இருந்தது.

அதில் யூஎஸ்பிபிகேப், வயர்ஷார்க் என்ற பதிவு மென்பொருள்களைப் போட்டு, கம்ப்யூட்டருக்கும் ஸ்கேனருக்கும் இடையே கேபிளில் போகும் ஒவ்வொரு பைட்டையும் பதிவு செய்தேன். முதல் பதிவில் ஆயிரக்கணக்கான எண்கள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பக்கத்தில் ஆச்சி பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் எல்லாம் பழந்தமிழ் எண்கள், மாகாணி, அரைக்கால் போன்ற பின்னக் குறிகள். எனக்கு அதுவும் புரியவில்லை. எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். "தெரிஞ்ச தொகையைத் தேடுங்க தம்பி. கலியாணத்துக்குச் செலவு எவ்வளவுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அந்த வரியைப் புடிச்சா எந்தக் குறி எந்த எண்ணுன்னு தெரிஞ்சுபோகும்" என்றார்கள்.

எனக்கும் வழி அதுதான். தெளிவு அளவை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று வைத்து ஒரு முறை ஸ்கேன். வேறெதையும் தொடாமல் 600 என்று மாற்றி இன்னொரு முறை. இரண்டு பதிவையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் மாறியிருந்த இடங்கள் சில மட்டுமே. ஓரிடத்தில் 44, 1 என்று இருந்தது 88, 2 என்று ஆகியிருந்தது. இரண்டாவது எண் எத்தனை 256 என்று சொல்கிறது: 256ஐ ஒருமுறை எடுத்து 44ஐக் கூட்டினால் 300. இருமுறை எடுத்து 88ஐக் கூட்டினால் 600. பழங்கணக்கில் 300 என்பதை மூன்று என்ற குறி, நூறு என்ற குறி என்று இரண்டாக எழுதுவார்கள். ஸ்கேனரும் இரண்டாகத்தான் எழுதியது, அடுக்கு மட்டும் நூறல்ல, 256. கொஞ்சம் தள்ளி 180, 13 என்று இருந்தது, அதே முறையில் கூட்டினால் 3508. ஏ3 தாளின் 297 மில்லிமீட்டர் அகலம் 300 டிபிஐயில் சரியாக அத்தனை புள்ளிகள்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக: விளக்கு எரியவிடும் கட்டளை, வெள்ளைப் பட்டையைப் பார்த்து அளவு சரிசெய்யும் கட்டம், விளக்குத்தண்டை நகர்த்தும் மோட்டார். மோட்டாரில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். தவறான எண் அனுப்பினால் தண்டு எல்லையில் போய் முட்டி, பற்கள் உராயும் சத்தம் கேட்கும். சில நொடியில் கருவி கெட்டுவிடலாம். ஒரு கை கீபோர்டில், ஒரு கை பவர் சுவிட்சில் என்றுதான் அந்த வாரம் முழுக்க வேலை செய்தேன்.

இப்படி உளவு பார்ப்பது சட்டப்படி சரியா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: சட்டப்படி உங்கள் கையில் உள்ள மென்பொருளோடு, தனியாக எழுதப்பட்ட வேறொரு மென்பொருள் இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதைப் பெறத் தேவையானதைச் செய்வது மீறல் ஆகாது. ஆனால் அடுத்தவர் எழுதிய நிரலை நகலெடுத்து ஒட்டக் கூடாது. நான் கேபிளில் போனதைப் பார்த்துக் குறிப்பெழுதினேன், குறிப்பைப் பார்த்துப் புதிதாக நிரல் எழுதினேன். பிராட்காம் வைஃபை சிப்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியவர்கள் இன்னும் கறாராக இருந்தார்கள். ஒரு குழு சிப்பை ஆராய்ந்து விவரக்குறிப்பு மட்டும் எழுதியது, அதை மட்டுமே படித்து வேறு குழு நிரல் எழுதியது. 2006இல் அது கர்னலில் சேர்ந்தது.

இந்த ஸ்கேனர் டிரைவரை நான் கர்னலுக்குள் எழுதவில்லை. யூஎஸ்பி கருவிகளோடு கர்னலுக்கு வெளியிலிருந்தே பேச உதவும் லிப்யூஎஸ்பி என்ற தொகுப்பு வழியாக, சாதாரண நிரல் ஓடும் வெளியிடத்திலேயே எழுதினேன். காரணம் உண்டு. கர்னலுக்குள் ஓடும் நிரலில் ஒரு தவறு நேர்ந்தால் அந்த நிரலோடு கம்ப்யூட்டரே நின்றுவிடலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பைக் கர்னலுக்குள் இருந்த அதன் டிரைவர் படித்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்தன, விமானங்கள் நின்றன. டிரைவர் எழுத வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, இதைக் கர்னலுக்கு வெளியே எழுத முடியாதா என்பதைத்தான். வெளியே எழுதினால் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதே நிரல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் பெரிய மாற்றமின்றி ஓடும். ஹைக்கூ போன்ற சிறிய சிஸ்டத்தை நடத்துகிறவர்கள் ஃப்ரீபிஎஸ்டியின் நெட்வொர்க் டிரைவர்களை ஓர் இணைப்பு அடுக்கு வைத்து அப்படியே பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஆள் குறைவான இடத்தில் ஒருவர் உழைப்பு நாலு பேருக்குப் பயன்பட வேண்டும்.

உள்ளேயேதான் எழுத வேண்டும் என்ற நிலை வந்தால், அதை அதிகாரபூர்வ கர்னலில் சேர்க்கும்வரை ஓயாதீர்கள். லினக்ஸ் கர்னலின் உள் இணைப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். அதை மாற்றுகிறவர், உள்ளே இருக்கும் டிரைவர்களையும் சேர்த்துத் திருத்தியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். வெளியே கிடக்கும் டிரைவரை யாரும் திருத்தமாட்டார்கள். "அப்டேட் போட்டேன், வைஃபை போச்சு" என்று வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது இப்படி வெளியே கிடந்த டிரைவர்தான்.

வாங்குகிறவர்களுக்கு: பெட்டியில் "லினக்ஸ்" என்று எழுதியிருப்பதைவிட, அந்தக் கருவி பொதுத் தரத்தில் பேசுகிறதா என்பது முக்கியம். பிரிண்டர் என்றால் ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட், வெப்கேம் என்றால் யூவிசி. இவற்றுக்குத் தனி டிரைவரே வேண்டாம். பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும், கவலை இல்லை. லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கடைக்கே கொண்டுபோய், அங்கேயே பூட் செய்து செருகிப் பார்த்து வாங்குங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் அவை இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. சோதித்துப் பார்க்க அதுவே போதும்.

டிரைவர் கிடைக்கவில்லை என்று தேடிப் போய் "டிரைவர் அப்டேட்டர்" என்று வரும் எதையாவது இறக்கிப் போடாதீர்கள். கர்னலுக்குள் ஓடும் உரிமையை முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் வங்கிக் கணக்கும் அந்த மெஷினில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமாக நான் கேட்டுக்கொள்வது ஒன்று. வீட்டிலோ கடையிலோ பழைய கருவி ஒன்று, பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் ஓடுகிறதா? அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யும் முன் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் ஹார்டுவேர் ஐடியில் இருக்கும் விஐடி (நிறுவனத்தின் அடையாள எண்), பிஐடி (கருவியின் அடையாள எண்) இரண்டையும் குறித்து வையுங்கள். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்ற கட்டளையை அடித்தாலும் அதே எண்கள் தெரியும். அந்த எண்ணை வைத்துத் தேடினால், வேறு பெயரில் விற்ற அதே கருவிக்கு யாரோ ஏற்கெனவே டிரைவர் எழுதியிருப்பது பல நேரம் தெரியவரும். யாரும் எழுதவில்லை என்றால், கருவி ஓடும்போதே யூஎஸ்பி பதிவுகளை எடுத்து வையுங்கள்: ஒரு முறைக்கு ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, எதை மாற்றினீர்கள் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி. நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். எழுதத் தெரிந்த என் போன்றவர்களுக்குக் கிடைக்காத பொருள் அதுதான்.

கானாடுகாத்தான் வீட்டில் இப்போது பேரேடுகள் 300 டிபிஐயில் லினக்ஸ் மெஷினிலேயே ஏறுகின்றன, நாளுக்குச் சில பக்கங்கள். 600இல் பக்கத்தின் பாதியைத் தாண்டியதும் படம் ஒரு வரி நகர்ந்துவிடுகிறது, காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஸ்கேனரின் முகப்பில் இருக்கும் பொத்தானையும் படிக்க முடியவில்லை. அதனால் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இன்னும் பட்டாலை ஓரத்தில், துணி போர்த்தி இருக்கிறது. அதன்மேல் ஆச்சி சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறார்கள்: "தம்பியைக் கேக்காம இதுல எதையும் அழிக்கப்படாது."