கெமைண்டெ: நகராட்சியா, ஊரா?

ஜெர்மன் சிற்றூர்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ‘நகராட்சி’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். முனிசிபாலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் பொருளை அப்படியே எடுத்துவைப்பதால் வரும் வினை இது. ஜெர்மானியர் தங்கள் உள்ளூர் நிர்வாகத்தின் அடிப்படை அலகைக் கெமைண்டெ என்பார்கள்.

ஹெஸ்ஸன் மாநிலத்தில், மார்பூர்க் நகருக்கு அருகே லான்டால் என்றொரு கெமைண்டெ இருக்கிறது. லான் என்பது ஆறு, டால் என்றால் பள்ளத்தாக்கு. 1970களின் எல்லைச் சீரமைப்பில் ஏழு சிற்றூர்களை ஒன்றுசேர்த்து, ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டினார்கள். லான்டால் என்று தனியாக ஓர் ஊர் கிடையாது. அந்த ஏழில் ஒன்றான கோஸ்ஃபெல்டனின் எல்லையிலுள்ள மஞ்சள் பலகையில் கோஸ்ஃபெல்டன் என்பது பெரிதாகவும் லான்டால் அதற்குக் கீழே சிறிதாகவும் இருக்கும். கிரிம் சகோதரர்களின் கதைகளுக்குப் படம் வரைந்த ஓட்டோ உபெலோடெ வாழ்ந்தது இந்த கோஸ்ஃபெல்டனில்தான்.

கெமைண்டெயின் வேர் ‘கெமைன்’, அதாவது பொது. லத்தீன் ‘கொம்யூனிஸ்’ இதற்கு உறவுச்சொல். பொதுவானது மெல்ல மலிவானதாகி, இன்று பேச்சில் ‘கெமைன்’ என்றால் கீழ்த்தரம் என்று பொருள். நம் ‘நாற்றம்’ மணத்திலிருந்து இறங்கிவந்ததைப் போலத்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? லான்டால் போன்றவற்றுக்கு ஊராட்சி பொருந்தும். அதனுள் அடங்கிய சிற்றூர்களுக்கு வருவாய்த்துறை வழங்கும் ‘உட்கடை கிராமம்’ என்ற சொல் கைவசம் இருக்கிறது. ஆனால் சட்டப்படி மியூனிக் மாநகரமும் ஒரு கெமைண்டெதான். அங்கே ஊராட்சி என்றால் சிரிப்பார்கள். ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு கெமைண்டெக்களுக்குத் தன்னாட்சி உரிமை தருகிறது. அதை மொழிபெயர்க்கும்போது ‘உள்ளாட்சி’ என்பதே சரி.

இதைவிட நெருக்கமான சொல் ஒன்று நம்மிடம் உண்டு: ஊர். கெமைண்டெ நிலத்தையும் குறிக்கும், அங்கே வாழும் மக்களையும் குறிக்கும். ‘ஊர் கூடித் தேர் இழுத்தது’ என்னும்போது இழுத்தது மண்ணல்ல, மக்கள். சோழர் கல்வெட்டுகளில் வேளாண் ஊர்களின் மன்றத்துக்குப் பெயரே ‘ஊர்’. பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட பிரமதேய ஊர்களில் அது ‘சபை’. ஜெர்மானியர் தேவாலயத்தில் கூடும் மக்களையும் கெமைண்டெ என்பார்கள். அதற்கு நாம் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. தமிழ்க் கிறித்தவர்கள் வெகுகாலமாகச் ‘சபை’ என்றே சொல்லிவருகிறார்கள்.